கல்லை வெந்நீரில் போடாதீர்கள்

கேள்வி: கொளத்தூரில் கப்பி, ஃபைட்டர் என்ற அலங்கார மீன்களை வளர்த்து விற்று வருகிறேன். வீட்டில் ஆசைக்கு 200 லிட்டரில் ஒரு கடல்நீர்த் தொட்டி, அதில் ஒரு ஜோடி கோமாளி மீன். ஆறு மாதம் முன்பு, தொட்டியைக் கலைத்த ஒருவரிடம் பழைய கல் வாங்கிப் போட்டேன். அதில் கண்ணாடி மாதிரிப் பழுப்புக் கைகளோடு ஏதோ முளைத்து, ஒன்று இப்போது ஒன்பதாகிவிட்டது. தொட்டால் ஓட்டைக்குள் ஓடிவிடுகிறது. பக்கத்திலேயே பச்சையாகச் சட்டைப் பொத்தான் போல இன்னொரு கூட்டம். இவை என்ன பவளம்? பிரித்து விற்கலாமா? வேண்டாதது என்றால் கல்லை வெந்நீரில் போட்டு எடுத்துவிடலாமா?

பதில்: கடைசிக் கேள்விக்கே முதலில் வருகிறேன். அந்தக் கல்லை வெந்நீரில் போடாதீர்கள். கொதிநீர் ஊற்றுவதும், வெளியே எடுத்துப் பிரஷால் தேய்ப்பதும்கூட வேண்டாம். நீங்கள் சொல்லும் பச்சைப் பொத்தான் அநேகமாக சோவாந்திட் என்னும் பவள வகை. இந்த இனத்தில் சிலவற்றின் உடம்பில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு இருக்கிறது. சூடு பட்டால் அது ஆவியோடு சேர்ந்து மூச்சில் ஏறும். 2014இல் அமெரிக்காவின் அலாஸ்காவில், ஆங்கரேஜ் நகரத்து வீடு ஒன்றில் இந்தப் பவளங்களைப் புதிதாகத் தொட்டிக்குக் கொண்டுவந்தவர்கள் காய்ச்சலும் இருமலுமாகப் படுத்தார்கள். அவர்கள் வேகவைக்கக்கூட இல்லை. எது நஞ்சுள்ளது, எது இல்லாதது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. ஆகவே எல்லாவற்றையும் நஞ்சாகவே எண்ணிக் கையாளுங்கள்.

இனி அடையாளம். ஒன்பதாகப் பெருகியது பவளமே இல்லை, ஐப்டேசியா என்னும் கடல் சாமந்தி. நீங்கள் எழுதிய குறிகள் அப்படியே பொருந்துகின்றன: ஊடுருவிப் பார்க்கக்கூடிய பழுப்பு, நீண்டு மெலிந்த கைகள், தொட்டவுடன் மின்னலாக உள்ளிழுத்துக்கொள்வது. வயலில் கோரை எப்படியோ, கடல்நீர்த் தொட்டியில் இது அப்படி. பிடுங்கினால் பாதத்தில் ஒரு துணுக்கு கல்லிலேயே தங்கி, அதிலிருந்து புதிதாக முளைக்கும். அதனால் கத்தி, பிரஷ் எதுவும் வேண்டாம். பக்கத்துப் பவளத்தைக் கொட்டிக் கருக்கும் என்பதால் விட்டுவைக்கவும் கூடாது.

சோவாந்திட் வேறு மாதிரி. தட்டையான வட்டு, அதன் விளிம்பில் மட்டும் கண்ணிமை போலக் குட்டை முடிகள், அடியில் எல்லாவற்றையும் சேர்த்துப் பிடிக்கும் ஒரு தோல். மெதுவாகத்தான் மூடும். அடியில் வெள்ளையாகச் சுண்ணாம்புக் கிண்ணமும் வரிகளும் தெரிந்தால் மட்டும் அது கல் பவளம். அப்படி இருந்தால் எனக்குப் படம் அனுப்புங்கள். 2001 முதல் கல் பவளங்கள் அனைத்தும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. எடுப்பதும் விற்பதும் குற்றம். பழைய கல்லோடு என்ன வந்தது என்று தெரியாத நிலையில், பிரித்து விற்கும் எண்ணத்தையே விட்டுவிடுங்கள் என்பது என் கருத்து.

ஐப்டேசியாவுக்குச் சுண்ணாம்பு போதும். வெற்றிலைக்கு வைக்கும் டப்பாச் சுண்ணாம்பில் வேறு சேர்மானம் இருக்கலாம். ரசாயனக் கடையில் சுத்தமான கால்சியம் ஹைட்ராக்சைடு கேட்டு வாங்குங்கள். இட்லி மாவுப் பதத்தில் குழைத்துச் சிரிஞ்சில் ஏற்றுங்கள். பம்பை நிறுத்திவிட்டு, சாமந்தி விரிந்திருக்கும்போது வாய் நடுவில் வையுங்கள். உள்ளே இழுத்தாலும் ஓட்டை வாயை அடைத்துவிடுங்கள். கால் மணி நேரம் கழித்துப் பம்பைப் போடலாம். சுண்ணாம்பு நீரின் காரத்தன்மையை ஏற்றிவிடும் என்பதால் ஒரு நாளைக்கு இரண்டு மூன்றுக்கு மேல் வேண்டாம். அந்தச் சுண்ணாம்பு பொத்தான்களின் மேல் படக்கூடாது. கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். பெப்பர்மிண்ட் இறால் இதைத் தின்னும்தான். ஆனால் கடையில் அந்தப் பெயரில் பெரும்பாலும் ஒட்டக இறாலைக் கொடுத்துவிடுகிறார்கள். முதுகு கூனி, வெள்ளைக் கோடும் புள்ளியுமாக இருந்தால் வாங்காதீர்கள், அது உங்கள் சோவாந்திட்டைத் தின்றுவிடும்.

சோவாந்திட்டை வைத்துக்கொள்வதானால் அது அதிகம் கேட்காத உயிர். நடுத்தர வெளிச்சம், லேசான நீரோட்டம் போதும். நீரின் அடர்த்தி 1.025, வெப்பம் 25 முதல் 27 டிகிரி. சென்னை வெயிலில் இந்த வெப்பம்தான் சிக்கல். தொட்டி மேல் சின்ன விசிறி வைத்தால் சூடு குறையும், ஆனால் நீர் வேகமாக ஆவியாகும். குறைந்ததை ஈடுகட்ட உப்புநீர் ஊற்றுகிறவர்கள்தான் நிறையப் பேர். நீர் ஆவியாகிறது, உப்பு தொட்டியிலேயே தங்கிவிடுகிறது. மேலும் உப்புநீர் ஊற்றினால் உப்பு ஏறிக்கொண்டே போகும். தினமும் ஆர்.ஓ. நன்னீர்தான் ஊற்ற வேண்டும். போர் தண்ணீர் ஆகாது. பொத்தான்கள் இரண்டு நாளாக விரியவில்லை என்றால், மருந்து தேடுவதற்கு முன் உப்பு அளவைப் பாருங்கள்.

கையில் வெட்டுக்காயம் இருக்கும் நாளில் தொட்டிக்குள் கை விடாதீர்கள். கல்லைக் கையாண்ட பிறகு வாயில் கசப்பாக உலோகச் சுவை, காய்ச்சல், மூச்சுத் திணறல் வந்தால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போய், "பாலிடாக்சின்" என்ற பெயரைச் சொல்லுங்கள். இதற்கு முறிமருந்து கிடையாது, ஆனால் பெயர் தெரிந்தால் மருத்துவர் எதைக் கவனிக்க வேண்டும் என்று புரிந்துகொள்வார்.

சுண்ணாம்பு வைத்து இரண்டு வாரம் கழித்து, இரவில் விளக்கணைத்து டார்ச்சோடு கல்லின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். குண்டூசித் தலை அளவில் குட்டிகள் அங்கேதான் ஒளிந்திருக்கும்.