வைட்டமின் சி: கொய்யாவா, மாத்திரையா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: தினமும் 500 மி.கி. வைட்டமின் சி மாத்திரையை மென்று சாப்பிடுகிறேன். அது ரசாயனம், நெல்லிக்காயில் இருப்பதுதான் உடம்பில் ஒட்டும் என்கிறார் என் மாமியார். யார் சொல்வது சரி?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: ரசாயனம் என்ற வாதம் நிற்காது. மாத்திரையில் இருப்பதும் நெல்லியில் இருப்பதும் ஒரே அஸ்கார்பிக் அமிலம்தான். உடம்பு இரண்டையும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் ஏற்றுக்கொள்கிறது. ஆனாலும் உங்கள் மாமியார் கட்சியில்தான் நாங்கள். காரணம் வேறு: அளவு.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 பரிந்துரைப்படி பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 65 மி.கி., ஆணுக்கு 80. கர்ப்பிணிக்கு 80, பாலூட்டும் தாய்க்கு 115. நீங்கள் எடுப்பது தேவையைப் போல ஏழெட்டு மடங்கு. 200 மி.கி. வரை உள்ளே போனால் பெரும்பகுதியைக் குடல் உறிஞ்சிக்கொள்ளும். ஒரே வேளையில் 1 கிராமைத் தாண்டினால் பாதிகூடச் சேராது. உறிஞ்சியதிலும் மிஞ்சுவதைச் சிறுநீரகம் வெளியே தள்ளிவிடும். வைட்டமின் சி-யைச் சேமித்து வைக்க உடம்பில் பெரிய கிடங்கு இல்லை. அதனால் தினமும் கொஞ்சம் கிடைப்பதுதான் முக்கியம்.

100 கிராம் கொய்யாவில் சுமார் 200 மி.கி. இருக்கிறது. பாதிப் பழம் போதும். நார்ச்சத்தும் சேர்ந்து வரும். பெருநெல்லி ஒன்றே அன்றைய கணக்கை முடித்துவிடும். அரைநெல்லியை இதில் சேர்க்காதீர்கள், அதில் மிகக் குறைவு. புளிப்பை வைத்தும் கணக்குப் போட வேண்டாம்: புளியில் வைட்டமின் சி இல்லை என்றே சொல்லலாம், ஒரு எலுமிச்சையைப் பிழிந்தாலும் 10–15 மி.கி.தான் தேறும். புளிக்காத குடைமிளகாய் இரண்டையும் தூக்கிச் சாப்பிட்டுவிடும்.

மென்று தின்னும் மாத்திரையில் இன்னொரு தொல்லை உண்டு. அமிலம் நேராகப் பல்லில் படும். சாப்பிட்டதும் வாயைக் கொப்பளியுங்கள். உடனே பல் துலக்கினால் எனாமல் தேயும்.

கேள்வி: சமைத்தால் வைட்டமின் சி எல்லாம் போய்விடும் என்கிறார்களே, அப்படியானால் முருங்கைக்கீரை பொரியலால் பயனே இல்லையா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: எல்லாம் போகாது. எப்படிச் சமைக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. இந்தச் சத்து தண்ணீரில் கரையும், காற்றுப்பட்டால் கெடும், சூட்டில் இன்னும் வேகமாகக் கெடும். இந்த மூன்றையும் நினைவில் வைத்துக்கொண்டால் சமையலறையில் எங்கே இழக்கிறோம் என்பது தானே புரியும்.

நறுக்கிவிட்டுக் கழுவுவது முதல் தவறு. கழுவிவிட்டு நறுக்குங்கள், நறுக்கியதும் அடுப்பில் ஏற்றுங்கள். கீரையை நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடித்துக் கொட்டுவதுதான் ஆகப் பெரிய நஷ்டம். கரைந்த சத்து அந்தத் தண்ணீரோடு போய்விடும். கொஞ்சமாகத் தண்ணீர் தெளித்து, மூடி, வெந்ததும் இறக்கிவிடுங்கள். பச்சை முருங்கைக்கீரை 100 கிராமில் 100 மி.கி.க்குக் குறையாமல் இருக்கும். பாதி போனாலும் மிச்சம் அலட்சியமானதல்ல. பச்சை நிறம் மாறாமல் இருக்க ஆப்பச் சோடா போடும் பழக்கம் வேண்டவே வேண்டாம், சோடாவின் காரத்தன்மையை வைட்டமின் சி தாங்காது. செம்பும் அப்படித்தான், சிதைவை வேகப்படுத்தும். எலுமிச்சைச் சாற்றைச் செம்புப் பாத்திரத்தில் ஊற வைத்துக் குடிப்பவர்களுக்கு வைட்டமின் குறைந்து செம்பு கூடுதலாகக் கிடைக்கும்.

எலுமிச்சை சாதத்துக்கு அடுப்பை அணைத்த பிறகே பிழியுங்கள். நெல்லிக்காயைப் பச்சையாக அரைத்துத் தயிர்ப் பச்சடி செய்து அன்றே தீர்த்துவிடுங்கள். காயவைத்துப் பொடித்த முருங்கை இலையை வைட்டமின் சி-க்காக வாங்குவது வீண். காயும்போதே பெரும்பகுதி போயிருக்கும், அதில் எஞ்சுவது கால்சியம், இரும்பு போன்றவை. தேன் நெல்லியை இனிப்பு என்று நினைத்துச் சாப்பிடுங்கள், மருந்து என்று வேண்டாம்.

கேள்வி: எனக்கு ரத்தசோகை. இரும்புச் சத்து மாத்திரையோடு வைட்டமின் சி மாத்திரையும் போட வேண்டுமா?
– வாசகி, மதுரை

பதில்: கட்டாயமில்லை. 2020-இல் வெளியான ஒரு சீன ஆய்வில், இரும்பு மாத்திரை மட்டும் எடுத்தவர்களுக்கும் இரண்டையும் சேர்த்து எடுத்தவர்களுக்கும் ஹீமோகுளோபின் ஏறக்குறைய ஒரே அளவில்தான் ஏறியது. சாப்பாட்டில் உள்ள இரும்பின் கதை வேறு. கேழ்வரகு, கீரை, பயறு ஆகியவற்றில் உள்ள இரும்பைக் குடல் எளிதில் ஏற்காது. வைட்டமின் சி அதை ஏற்கும் வடிவத்துக்கு மாற்றித் தருகிறது. ஆனால் இரண்டும் ஒரே வேளையில் வயிற்றில் இருக்க வேண்டும். காலையில் கேழ்வரகுக் கூழ், மாலையில் கொய்யா என்றால் பலனில்லை. கூழோடு நாலு துண்டு கொய்யா, சுண்டலில் துருவிய மாங்காய் என்று சேர்த்துக்கொள்ளுங்கள். டீ, காபியை ஒரு மணி நேரமாவது தள்ளி வையுங்கள்.

கேள்வி: சளி பிடித்ததும் 1 கிராம் போட்டால் உடனே விடுமா?
– வாசகர், கோவை

பதில்: விடாது. தினமும் 200 மி.கி.க்கு மேல் எடுத்து வருபவர்களுக்குச் சளி சற்றுச் சீக்கிரம் விலகுகிறது. பெரியவர்களுக்குச் சராசரியாக 8 சதவீத நாட்கள் குறையும். மூக்கு ஒழுக ஆரம்பித்த பிறகு தொடங்கினால் அந்தப் பலனும் உறுதியில்லை.

கேள்வி: சிறுநீரகத்தில் கல் வந்து போனது. மாத்திரை எடுக்கலாமா?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: நீங்களாக வாங்கிச் சாப்பிடாதீர்கள். மிகுதியான வைட்டமின் சி-யில் ஒரு பகுதி ஆக்சலேட்டாக மாறும், பெரும்பாலான கற்கள் கால்சியம் ஆக்சலேட்தான். 2013-இல் வெளியான சுவீடன் ஆய்வில், பெரும்பாலும் 1 கிராம் மாத்திரை எடுத்த ஆண்களுக்குக் கல் வரும் வாய்ப்பு சுமார் இரண்டு மடங்காக இருந்தது. பழம் சாப்பிடத் தடையில்லை. உடம்பில் இரும்பு தேங்கும் நோய் உள்ளவர்களும், தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோய்க்கு அடிக்கடி ரத்தம் ஏற்றிக்கொள்பவர்களும் டாக்டரைக் கேட்காமல் மாத்திரையைத் தொடக் கூடாது. பல் போய்ப் பழம் மெல்ல முடியாத முதியவர், பத்திய உணவிலேயே நாள்கணக்கில் இருப்பவர் போன்றோருக்கு மாத்திரை உதவும். அவர்களுக்கும் 100 மி.கி. அளவே போதும், 500 தேவையில்லை.

மாத்திரை எடுப்பவர்கள் பரிசோதனைக்குப் போகும்போது லேபில் சொல்லிவிடுங்கள். மலத்தில் மறைந்துள்ள ரத்தத்தைப் பார்க்கும் சில பரிசோதனைகளிலும், சிறுநீரில் சர்க்கரை பார்க்கும் பட்டையிலும், இருப்பதை இல்லை என்று காட்டவைக்கும் இந்த மாத்திரை. மலப் பரிசோதனைக்கு மூன்று நாள் முன்பே நிறுத்திவிடுவது வழக்கம்.