கலைஞனின் தத்துவமும் கலையும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: கொள்கைப் பிடிப்புள்ள எழுத்தாளர்களின் படைப்புகள் பெரும்பாலும் பிரசாரமாகவே முடிகின்றன என்று நண்பர் ஒருவர் வாதிடுகிறார். தத்துவம் கதையைக் கெடுத்துவிடுமா?

பதில்: தத்துவம் இருப்பதால் கதை கெடுவதில்லை. கதை நடப்பதை நிறுத்திவிட்டுத் தத்துவம் பேசத் தொடங்கும்போதுதான் கெடுகிறது. இந்த வேறுபாட்டை அறிய நம் இரட்டைக் காப்பியங்களே போதும்.

மணிமேகலையை இயற்றிய சாத்தனார் பௌத்த நெறியில் நின்று பாடியவர். அதை மறைக்க அவர் முயலவும் இல்லை. அக்காப்பியத்தின் 27ஆம் காதையில் மணிமேகலை வஞ்சி நகரில் பல சமயவாதிகளின் கொள்கைகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்கிறாள். 29ஆம் காதையில் அறவண அடிகள் அவளுக்கு அளவை நெறியை, அதாவது தருக்க முறையை, விரிவாக விளக்குகிறார். இந்தியத் தருக்கவியலின் வரலாற்றை ஆராய்பவர்களுக்கு இவை பெரும் செல்வம். ஆனால், கதையைத் தொடர்ந்து வந்த வாசகர் இங்கே தளர்ந்துபோவதற்கு அவரைக் குறை சொல்ல முடியாது. ஏனென்றால், ஆசையும் அச்சமும் கொண்ட ஒரு பெண்ணாக இதுவரை நாம் அறிந்திருந்த மணிமேகலை இந்தக் காதைகளில் கேட்கும் செவியாக மட்டுமே எஞ்சுகிறாள்.

இதே சாத்தனார்தான் ஆபுத்திரனையும் படைத்தார். பிறந்த உடனேயே கைவிடப்பட்டு, பசு ஒன்றின் பாலால் உயிர் பிழைத்தவன் அவன்; வளர்ந்தபின் வேள்விக்காகக் கட்டப்பட்டிருந்த பசுவை அவிழ்த்துக்கொண்டு போனதற்காக ஊராரால் துரத்தப்படுகிறான். எடுக்க எடுக்கக் குறையாத அமுதசுரபி அவன் கைக்கு வந்த பிறகு, கடற்பயணத்தின் நடுவே ஆளில்லாத மணிபல்லவத் தீவில் தவறிப்போய்த் தனித்து நிற்கிறான். பாத்திரம் நிறைந்திருக்கிறது, வாங்கி உண்ண ஒருவரும் இல்லை. அதைத் தனக்காக மட்டும் வைத்துக்கொள்ள மனமின்றிக் கோமுகிப் பொய்கையில் விட்டுவிட்டு, உண்ணாமல் கிடந்து உயிர் துறக்கிறான். கருணை என்பது பிறர் இருக்கும்போதுதான் பொருள்படும் என்னும் கருத்தை இதைவிடக் கூர்மையாக எந்த உரையாலும் சொல்லிவிட முடியாது. நம்பிக்கையும் ஒன்றே, கவிஞரும் ஒருவரே. ஓரிடத்தில் அந்த நம்பிக்கை பாடமாக நிற்கிறது, மற்றோரிடத்தில் ஒரு மனிதனுக்கு நேர்வதாக மாறிவிடுகிறது.

சிலப்பதிகாரத்தின் நிலை இன்னும் சிக்கலானது. ஊழ்வினை உருத்து வந்து ஊட்டும் என்பதைத் தன் மூன்று உண்மைகளுள் ஒன்றாக அக்காப்பியத்தின் பதிகம் முன்கூட்டியே அறிவிக்கிறது. ஆயினும், கோவலனுடைய முற்பிறவிக் கதையை மதுராபதித் தெய்வம் கண்ணகிக்குச் சொல்வது எப்போது? பாண்டியன் அவையில் அவள் வழக்குரைத்து, அரசன் உயிர்விட்டு, மதுரையும் எரியுண்ட பிறகு! விளக்கம் அவ்வளவு தாமதமாக வருவதால், நாம் ஏற்கெனவே அவளுடைய கேள்வியின் பக்கம் முழுமையாகச் சாய்ந்துவிட்டோம். வினைக்கோட்பாட்டைக் கவிஞர் உண்மையாகவே நம்பியிருக்கலாம்; அந்த நம்பிக்கையைக் கண்ணகியின் சினத்துக்கு முன்னால் அணையாகக் கட்டாமல் விட்டதே அவருடைய கலை என்று நான் கருதுகிறேன். சமணத் துறவி என்று மரபு சொல்லும் அவர், ஆய்ச்சியர் குரவையில் திருமாலையும் வேட்டுவ வரியில் கொற்றவையையும் பாடும்போது, அந்த மக்களின் பக்தியை ஒரு சொல்லாலும் குறைத்துக் காட்டவில்லை என்பதையும் இங்கே சேர்த்து நினைக்க வேண்டும்.

கேள்வி: ஒரு கலைஞர் தம் தத்துவத்தை மாற்றிக்கொண்டால், அவருடைய முந்தைய படைப்புகளின் மதிப்பும் மாறிவிடுமா?

பதில்: மாறிவிடும் என்றுதான் ருஷ்ய நாவலாசிரியர் டால்ஸ்டாய் நினைத்தார். 1870களின் இறுதியில் பெரும் ஆன்மிக நெருக்கடிக்கு உள்ளான அவர், 1897-98இல் வெளிவந்த கலை பற்றிய தம் நூலில், தாம் எழுதியவற்றுள் இரண்டு சிறுகதைகளைத் தவிர அனைத்தையும் தீய கலையின் பட்டியலில் சேர்த்துவிட்டார். உலகம் இன்றும் வியந்து வாசிக்கும் பெருநாவல்கள் அந்தத் தீர்ப்பில் தப்பவில்லை. எளிய மனிதர்க்கும் எட்டக்கூடிய, மனிதரை மனிதரோடு இணைக்கும் உணர்வைக் கடத்துவதே நல்ல கலை என்பது அவர் வகுத்துக்கொண்ட அளவுகோல். அந்த அளவுகோலில் நேர்மை உண்டு. அதைத் தம்மீதே முதலில் வைத்துப் பார்க்கும் துணிவும் அவரிடம் இருந்தது. இருந்தாலும் வாசகர்கள் அவர் தீர்ப்பை ஏற்கவில்லை, ஏற்காததும் சரியே.

இதற்கான காரணத்தை அவருடைய எழுத்து முறையிலேயே காணலாம். 1873இல் அன்னா கரேனினாவைத் தொடங்கியபோது, மண உறவை மீறும் நாயகியை அழகற்றவளாகவும் கணவனை நல்லவனாகவும் முதல் வரைவுகளில் அவர் அமைத்திருந்தார். ஒழுக்கவாதியின் தீர்ப்பு அங்கே முன்கூட்டியே எழுதப்பட்டிருந்தது. திரும்பத் திரும்பத் திருத்தி எழுதியபோதோ, அன்னா அவர் கையை மீறி உயிர்பெற்றாள். தீர்ப்பை அவர் கைவிடவில்லை. ஆனால் அந்தத் தீர்ப்பு அவளை முழுமையாகப் பார்ப்பதற்குத் தடையாக இருக்கவும் விடவில்லை. முதுமையிலும் இதுவே நிகழ்ந்தது. தீமையை வன்முறையால் எதிர்க்கக் கூடாது என்று உலகுக்கே போதித்துக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், 1896 முதல் 1904 வரை, கையில் குறுவாளோடு கடைசி மூச்சுவரை போரிட்டு மடியும் காக்கசிய மலைவீரன் ஹாஜி முராத்தைப் பற்றி, மறைக்க முடியாத வியப்போடு அவர் எழுதினார். அந்தக் குறுநாவலைத் தம் வாழ்நாளில் அச்சிடவில்லை. 1910இல் அவர் மறைந்த பிறகு, 1912இல்தான் அது வெளிவந்தது. போதகர் ஒப்பாத ஒன்றைக் கலைஞர் மேசை இழுப்பறைக்குள் வளர்த்துவந்தார் என்றுதான் சொல்லத் தோன்றுகிறது.

கேள்வி: கதையில் கருத்து இருக்கும் என்பது புரிகிறது. வெறும் கோடுகளும் வண்ணக் கட்டங்களும் கொண்ட நவீன ஓவியத்தில் ஓவியரின் தத்துவம் எங்கிருந்து வரும்?

பதில்: எதை வரையக் கூடாது என்று அவர் முடிவெடுப்பதிலிருந்து வரும். நீங்கள் குறிப்பிடும் வகை ஓவியங்களுக்குப் பெயர்பெற்ற நெதர்லாந்து ஓவியர் பீட் மோந்த்ரியான் எல்லாச் சமயங்களின் அடியிலும் ஒரே மறைஞானம் உண்டு என்று கருதிய பிரம்மஞான சபையில் 1909இல் சேர்ந்தவர். காணும் உலகின் அடியில், எதிரெதிரான ஆற்றல்களின் சமநிலை ஒன்று நிலைத்திருக்கிறது என்று அவர் நம்பினார். செங்குத்துக் கோடும் கிடைக்கோடும் அவருக்கு அந்த இரு ஆற்றல்கள். ஆகவே மரமும் கடலும் மெல்ல மெல்ல அவருடைய திரையிலிருந்து நீங்கின. வளைகோடு போயிற்று, இறுதியில் சிவப்பு, மஞ்சள், நீலம் ஆகிய அடிப்படை வண்ணங்களும் கறுப்பும் வெள்ளையும் சாம்பலுமே எஞ்சின. நெருங்கிய தோழரான தியோ வான் டூஸ்பர்க் 1924 வாக்கில் சாய்கோட்டைப் புகுத்தியபோது, அது அவருக்கு அடிப்படைக் கொள்கையையே மீறுவதாகத் தோன்றியது, இருவரும் பிரிந்தனர். தம் திரைச்சட்டத்தையே சாய்த்து வைத்து வரைந்த ஓவியங்களிலும் கோடுகளைச் செங்குத்தாகவும் கிடையாகவும் மட்டுமே அவர் விட்டிருக்கிறார். பிரம்மஞானத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. அவருடைய ஓவியத்தின் முன் நிற்பதற்கு அது தேவைப்பட்டதும் இல்லை. ஆனால் அந்த நம்பிக்கை இல்லாமல் அவ்வளவு பிடிவாதமான சிக்கனம் பிறந்திருக்காது.

கேள்வி: எந்தத் தத்துவமும் இல்லாமல் எழுதுபவர்கள் இல்லையா? ருஷ்ய எழுத்தாளர் செகாவ் அப்படிப்பட்டவர்தானே?

பதில்: அவர் காலத்திலேயே அப்படித்தான் குறை கூறினார்கள். 1888இல் பதிப்பாளர் சுவோரினுக்கு எழுதிய கடிதத்தில், சிக்கலைத் தீர்ப்பது வேறு, அதைச் சரியாக முன்வைப்பது வேறு, கலைஞரின் கடமை இரண்டாவது மட்டுமே என்னும் பொருளில் அவர் விடையளித்தார். இதுவும் ஒரு தத்துவந்தான், கடைப்பிடிப்பதற்கு மிகக் கடினமான ஒன்றும்கூட. 1892இல் வெளிவந்த ‘ஆறாவது வார்டு’ கதையில், துன்பத்தைப் பொருட்படுத்தாதிருப்பதே அறிவு என்று மனநோயாளி ஒருவனிடம் அமைதியாகப் போதிக்கும் மருத்துவர், கடைசியில் அதே வார்டில் தாமும் அடைக்கப்பட்டுக் காவலனிடம் அடி வாங்குகிறார். செகாவ் அந்தத் தத்துவத்தை எங்கும் வாதிட்டு மறுக்கவில்லை, அதைப் பேசியவரை அந்த அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்துகிறார். தாமும் ஒரு மருத்துவர் என்பதால், அந்த அறையின் நாற்றத்தைக்கூட அவர் சொல்லாமல் விடவில்லை.

கேள்வி: நான் சிறுகதை எழுதுகிறேன். என் பாத்திரங்கள் எல்லாரும் என்னைப் போலவே பேசுகிறார்கள் என்று படித்தவர்கள் சொல்கிறார்கள். என் கருத்துகளை மறைத்துக்கொண்டு எழுத வேண்டுமா?

பதில்: மறைக்க வேண்டாம், அவற்றுக்குத் தக்க எதிராளியைக் கொடுங்கள். ருஷ்ய நாவலாசிரியர் தஸ்தயேவ்ஸ்கி ஆழ்ந்த கிறித்தவ நம்பிக்கையாளர். ஆனால் ‘கரமசோவ் சகோதரர்கள்’ நாவலில், ஒரு குழந்தையின் கண்ணீரை விலையாகக் கேட்கும் இறை ஒழுங்கை ஏற்க மறுக்கும் இவானின் வாதத்தை, எந்த நாத்திகரும் எழுதியிராத வலிமையோடு அவர் எழுதினார். நாவலுக்கான பணி நடந்துகொண்டிருந்த 1878இல், மூன்று வயதும் நிறையாத அவருடைய மகன் அல்யோஷா இறந்துபோனான். இவானின் எதிரே அமர்ந்து அவன் பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கும், நம்பிக்கை கொண்ட தம்பிக்கும் அதே பெயர். மறுமொழியாகத் தாம் எழுதிய ஆறாம் பகுதி, இவானுக்குப் போதிய விடையாக அமையுமா என்ற அச்சத்தை 1879ஆம் ஆண்டுக் கடிதம் ஒன்றில் அவரே வெளியிட்டிருக்கிறார்.

உங்கள் அடுத்த கதையில், நீங்கள் தவறு என்று உறுதியாகக் கருதும் ஒரு கருத்தை உங்கள் பாத்திரங்களுள் மிகுந்த அறிவும் அன்பும் உள்ளவரிடம் ஒப்படையுங்கள். அவர் பேசும் பகுதியை எழுதி முடிக்கும்வரை மறுப்பைப் பற்றி எண்ண வேண்டாம். முடித்தபின் உங்கள் தரப்பு தோற்றுவிட்டதாகத் தோன்றினால், மறுப்புரை ஒன்றை எழுதிச் சேர்த்துவிடாமல், அந்த இருவரும் அடுத்த நாள் என்ன செய்கிறார்கள் என்பதை எழுதுங்கள்.