பூத்தில் எது ரகசியம், எது பொது?

கேள்வி: சார், கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் ஓட்டுப் போட விடுகிறார்கள். அந்த நோட்டையும் மெஷினையும் சேர்த்துப் பார்த்தால் நான் யாருக்குப் போட்டேன் என்று தெரிந்துவிடாதா?

பதில்: வாக்குச்சாவடி தலைமை அலுவலராகப் பல தேர்தல் பார்த்துவிட்டேன், ஒவ்வொரு முறையும் யாராவது இதைக் கேட்டுவிடுவார்கள். அந்த நோட்டுக்குப் பெயர் 17ஏ. வாக்காளர் பட்டியலில் உங்கள் வரிசை எண், காட்டிய அடையாள அட்டை, கையெழுத்து அல்லது கைநாட்டு, அவ்வளவுதான் அதில். எண்ணும் நாளில் மெஷின் காட்டுவது வேட்பாளர்வாரியான மொத்தம் மட்டுமே. போட்ட ஓட்டைச் சீட்டில் அச்சிட்டுக் காட்டும் கருவியான விவிபேட்டில் ஏழு விநாடி தெரியும் சீட்டிலும் உங்கள் பெயர் கிடையாது. 17ஏ சீல் வைத்த உறைக்குள் போய்விடும். நீதிமன்றம் சொன்னால்தான் பிரிப்பார்கள். வெளியே வந்து சின்னத்தைச் சத்தமாகச் சொல்லும் பாட்டிகளைத்தான் எங்களால் ஒன்றும் செய்ய முடிந்ததில்லை.

கேள்வி: அப்படியென்றால், "உங்கள் தெருவில் எங்களுக்கு ஓட்டு விழவில்லை" என்று கட்சிக்காரர் எப்படிச் சொல்கிறார்?

பதில்: ரகசியம் உண்மையில் கசிவது இங்கேதான். படிவம் 20 என்ற முடிவுத் தாளில் பூத் வாரியாக யாருக்கு எத்தனை என்று வெளியாகிறது. ஒரே ஒரு தெருவுக்கோ காலனிக்கோ தனி பூத் இருந்தால், ஆளைத் தெரியாவிட்டாலும் தெருவைத் தெரிந்துவிடும். தண்ணீர்க் குழாய் வரவில்லை என்று போய் நிற்கும்போது அது பேசும். வாக்குச்சீட்டுக் காலத்தில், மிரட்டல் இருக்கும் தொகுதிகளில் பல பூத் சீட்டுகளைக் கலந்து எண்ண விதி இருந்தது. மெஷினுக்கும் அதே வழிதான் டோட்டலைசர்: 14 பூத் மெஷின்களைச் சேர்த்து ஒரே கூட்டுத்தொகை காட்டும். தேர்தல் ஆணையம் 2008இல் கேட்டது, சட்ட ஆணையம் 2015இல் ஆதரித்தது, அரசு ஏற்கவில்லை. பூத் கணக்கு பொதுவில் இருந்தால்தான் தில்லுமுல்லு பிடிபடும் என்பார்கள். அதுவும் நியாயம்தான். ஆனால் பூத்தில் எத்தனை ஓட்டு பதிவானது என்ற 17சி கணக்கு ஏஜெண்டுகள் கையில் அன்றைக்கே இருக்கிறது. கட்சிவாரிக் கணக்கைக் கலந்துவிடலாம் என்பது என் கருத்து.

கேள்வி: பூத்தின் சிசிடிவி பதிவைக் கேட்டால் ஏன் தர மறுக்கிறார்கள்?

பதில்: 2024 டிசம்பரில் தேர்தல் நடத்தை விதிகளில் 93ஆம் விதியைத் திருத்தி, பொதுமக்கள் பார்க்கக்கூடிய ஆவணங்களில் மின்னணுப் பதிவுகள் வராமல் செய்துவிட்டார்கள். 2025 மே மாதம், தேர்தல் முடிவை எதிர்த்து வழக்கு இல்லையென்றால் 45 நாளில் அழித்துவிடலாம் என்று ஆணையம் சொன்னது. யார் வந்தார், யார் வரவில்லை என்று பார்த்து மிரட்டுவார்கள் என்பது ஆணையத்தின் வாதம். சரி, இருக்கலாம். ஆனால் வழக்குப் போடவும் அதே 45 நாள்தான். பதிவைப் பார்க்காமல் எதை வைத்து வழக்குப் போடுவது?

கேள்வி: வாக்காளர் பட்டியல் ஏன் படமாகவே இருக்கிறது? பெயரைத் தேட முடியவில்லையே.

பதில்: எழுத்துவடிவில் தந்தால் தகவலை உருவிவிடுவார்கள் என்ற பயம். 2018இல் உச்ச நீதிமன்றமும் ஆணையத்தின் பக்கம் நின்றது. ஆனால் 2025 ஆகஸ்டில் பீகார் வரைவு வாக்காளர் பட்டியலில் விடுபட்ட சுமார் 65 லட்சம் பெயர்களை, காரணத்தோடு, தேடிப் பார்க்கும்படி வெளியிடச் சொன்னதும் அதே நீதிமன்றம்தான்.

கேள்வி: தாத்தாவுக்குக் கண் தெரியாது. நான் கூடப் போகலாமா?

பதில்: 18 வயது ஆகியிருந்தால் போகலாம். ரகசியம் காப்பேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும்; அன்றைக்கு இன்னொருவருக்குத் துணை போக முடியாது. அப்புறம், வீட்டுக்கு வந்து பாட்டியிடம் சொல்லிவிடாதீர்கள்.