ஐந்து காட்சி, இருபத்துநான்கு வருடம், ஒரு ஆல்பம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

‘கேரி’ இசைநாடகம் 1988இல் நியூயார்க்கின் பெரிய நாடக அரங்குகள் உள்ள பிராட்வேயில் ஐந்தே காட்சியோடு நின்றது. அன்று நாடகப் பாடல்களின் ஆல்பம் வரவில்லை. 2012இல் சின்ன அரங்கில் மறுபடி போட்டபோது மட்டும் வந்துவிட்டது, எப்படி? வெறித்தனமான ரசிகர் கூட்டம் உள்ள பழைய நாடகம் மீண்டும் மேடையேறினால் ஆல்பம் வருமா என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா? அரங்கில்தான் மைக் எல்லாம் இருக்கிறதே, அதிலிருந்தே பதிந்து வெளியிட்டால் என்ன?

எம்.

அன்புள்ள எம்.,

ரசிகர்களின் தலையை எண்ணினால் கணக்கு தப்பும். உரிமம் யார் கையில், அதை வைத்து அவர்கள் என்ன செய்யப் போகிறார்கள் என்று பாருங்கள். குறுந்தகடு விற்று யாரும் பெரிதாகச் சம்பாதிப்பதில்லை. அமெரிக்காவில் பள்ளிகளும் கல்லூரிகளும் உள்ளூர்க் குழுக்களும் நாடகம் போட உரிமம் வாங்குகின்றன, காசு அங்கே. எந்த நாடகம் போடலாம் என்று தேடும் ஆசிரியை முதலில் கேட்டுப் பார்ப்பது ஆல்பத்தைத்தான். கடைக்காரர் நீட்டும் சாம்பிள் மாதிரி அது.

‘கேரி’ இதற்கு நல்ல சாட்சி. 1988 மே 12 தொடங்கி 15இல் முடிந்தது, எழுபது லட்சம் டாலருக்கு மேல் கரைந்தது. இசையமைத்த மைக்கேல் கோர், பாடல் எழுதிய டீன் பிட்ச்ஃபோர்ட், வசனம் எழுதிய லாரன்ஸ் கோஹன் மூவரும் அதன்பின் பல வருடம் யாருக்கும் அதைப் போட உரிமம் தரவில்லை. விற்க நாடகமே இல்லாதபோது சாம்பிள் எதற்கு? ரசிகர்களிடம் சுற்றியதெல்லாம் திருட்டுப் பதிவு. 2012இல் லூசில் லோர்ட்டல் என்ற சின்ன அரங்கில் எம்.சி.சி. நாடகக் குழு போட்டது திருத்திய வடிவம். சில பாட்டு போய், சில புதிதாக வந்தன. இனி எல்லோரும் போடப் போவது இந்த வடிவம் என்பதால் பதிவு தேவைப்பட்டது. ஏப்ரலில் காட்சிகள் முடிந்தன, செப்டம்பரில் கோஸ்ட்லைட் என்ற இசை நிறுவனம் ஆல்பத்தை வெளியிட்டது. நடிகர்களும் வாத்தியக்காரர்களும் 1988ஐவிடக் குறைவு என்பதும் கைகொடுத்திருக்கும்.

செலவு எங்கே போகிறது என்கிறீர்களா? பிராட்வே நடிகருக்கு ஒரு நாள் ஒலிப்பதிவுக்கு ஒரு வாரச் சம்பளம். வாத்தியக்காரர்களுக்குத் தொழிற்சங்க விதிப்படி மூன்று மணி நேர அமர்வு, அதில் முடிந்த இசையாகப் பதினைந்து நிமிடம்தான் எடுக்கலாம். எழுபது நிமிட ஆல்பத்துக்கு ஐந்து அமர்வு. அதனால் கூட்டப் பாடல்களை முதலில் முடித்துக் கோரஸை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், தனிப்பாடல்கள் கடைசியில். காட்சி இல்லாத திங்கட்கிழமை இதற்கு வசதி. பிறகு பாட்டின் உரிமையாளருக்குத் தரும் தொகை: 2012 விகிதத்தில் ஒரு பாட்டுக்கு 9.1 சென்ட், ஐந்து நிமிடம் தாண்டினால் நிமிடத்துக்கு 1.75 சென்ட். இருபது பாட்டு என்றால் தகடு ஒன்றுக்குக் குறைந்தது 1.82 டாலர், ஒரு பிரதி விற்கும்போதெல்லாம்.

எல்லா மைக்கின் ஒலியும் வந்து சேரும் அரங்க மிக்ஸரிலிருந்து பதிவதில் வேறு தலைவலி. நடிகரின் மைக் நெற்றியில், தலைமுடிக்குள் இருக்கிறது. வியர்வை இறங்கினால் ஒலி மங்கும், கட்டிப்பிடித்தால் எதிராளியின் குரலும் ஏறிவிடும். வாத்தியக்காரர்கள் உட்காரும் குழிக்குள் டிரம்ஸ் ஒலி வயலின் மைக்கில் கசியும். வயலினை உயர்த்தினால் டிரம்ஸும் சேர்ந்து உயரும். ஸ்டுடியோவில் டிரம்ஸைத் தனி அறையில் அடைப்பது இதனால்தான். நேரலை ஆல்பங்கள் வருகின்றன. ஆனால் சில காட்சிகளைப் பதிந்து வரிவரியாக ஒட்ட வேண்டும்.

தோல்வி மட்டுமே தடை என்று நினைத்துவிடாதீர்கள். ‘எனிஒன் கேன் விசில்’ 1964இல் ஒன்பது காட்சி, ‘மெரிலி வி ரோல் அலாங்’ 1981இல் பதினாறு. இரண்டையும் மூடிய மறுநாளே நடிகர்களை ஸ்டுடியோவுக்கு அழைத்துப் பதிந்தார்கள், முன்னதைக் கொலம்பியா, பின்னதை ஆர்.சி.ஏ. என்ற இசைத்தட்டு கம்பெனிகள். நாடக ஆல்பத்துக்குப் பெரிய கம்பெனிகள் பணம் போட்ட காலம். பிற்பாடு மறுமேடையேற்றங்கள் வந்ததில் அந்தத் தட்டுகளுக்குப் பங்கு உண்டு என்பேன்.

ஆகவே மீண்டும் வரும் நாடகத்தில் பாட்டு மாறியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பழைய ஆல்பம் நன்றாக இருந்து, பாட்டும் அதேதான் என்றால் பெரிய நட்சத்திரம் இல்லாமல் வாய்ப்பு குறைவு. மாறியிருந்தால், உரிமம் தரும் நிறுவனம் புதிய வடிவத்தைத் தன் பட்டியலில் ஏற்றுகிறதா என்று கவனியுங்கள். காட்சிகள் முடிந்தும் அறிவிப்பு இல்லையே என்று உடனே கைகழுவ வேண்டாம். நடிகர்கள் வேறு வேலைக்குக் கலைந்து, ஒரு வருடமும் ஓடிவிட்டால் மறந்துவிடலாம். அவர்களை ஒரே திங்கட்கிழமையில் மறுபடி சேர்ப்பது லேசில்லை.