வாசகர் கேள்விகள்: வரலாறு பகையைத் தீர்க்குமா?

கேள்வி: வரலாற்றைப் பேசத் தொடங்கினாலே சண்டை மூள்கிறது. அமைதிக்காக உழைத்து, உருப்படியாக எதையேனும் சாதித்த வரலாற்றாசிரியர் உண்டா?
– வாசகி ஒருவர், திருவல்லிக்கேணி, சென்னை.

பதில்: தொலைக்காட்சி விவாதங்களில் வரலாறு படும் பாட்டைப் பார்த்தால் உங்கள் சலிப்பு நியாயமானதே. ஆயினும் பிரான்ஸ் நாட்டின் ழூல் இசாக் (1877–1963) இருக்கிறார். பள்ளி வரலாற்றுப் பாடநூல்களால் அந்நாடு முழுவதும் பெயர் பெற்றிருந்த அவர், யூதர் என்பதற்காகவே 1940இல் கல்வித்துறை உயர் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். 1943இல் கைதான அவருடைய மனைவியும் மகளும் அவுஷ்விட்ஸ் நாஜி வதைமுகாமில் கொல்லப்பட்டனர். தலைமறைவாக வாழ்ந்த அக்காலத்தில் அவர் எழுதியது வசைநூல் அன்று. யூதர்மீதான வெறுப்பு கிறிஸ்தவ மறைக்கல்வியில் எவ்வாறு வேரூன்றியது என்பதை, நற்செய்தி நூல்களையே சான்றாக வைத்து ஆராய்ந்த நூல்.

இயேசுவை மறுத்ததற்குத் தண்டனையாகவே, கி.பி. 70இல் எருசலேம் கோயில் இடிந்தபின் யூதர் உலகெங்கும் சிதறினர் என்று நெடுங்காலம் போதிக்கப்பட்டது. இயேசுவின் நாளிலேயே யூதருள் பெரும்பாலோர் பாலஸ்தீனத்துக்கு வெளியே, அலெக்சாந்திரியா போன்ற நகரங்களில் வாழ்ந்தனர் என்பதை எடுத்துக்காட்டிய இசாக், இயேசுவைக் கண்டும் கேட்டுமிராத மக்கள்மீது மறுத்த பழியை எப்படிச் சுமத்தலாம் என்று கேட்டார். இதற்கு மறுமொழி சொல்வது எளிதாக இருக்கவில்லை.

1947இல் சுவிட்சர்லாந்தின் சீலிஸ்பெர்கில் கூடிய யூத, கிறிஸ்தவ அறிஞர்கள், யூதரைப் பற்றிய கிறிஸ்தவப் போதனைக்கு அவர் முன்வைத்த திருத்தங்களைத் தழுவிப் பத்து அம்சங்களை வெளியிட்டனர். 1960 ஜூனில், தம் 82ஆம் வயதில், திருத்தந்தை 23ஆம் யோவானைச் சந்திக்கச் சென்றபோதும் அவர் ஆவணத் தொகுப்போடுதான் சென்றார்; ஆறுதலைக் கேட்கவில்லை, இப்போதனையை ஆராய ஒரு குழுவைக் கேட்டார். (துயரத்தை முன்வைத்து வாதாட அவரைவிட உரிமையுள்ளவர் யார்? அதை அவர் செய்யவில்லை என்பதே என்னை வியக்க வைக்கிறது.) இயேசுவின் மரணப் பழியை அன்றைய யூதர் அனைவர்மீதும் இன்றைய யூதர்மீதும் சுமத்தக் கூடாது என்ற அறிக்கையை, 1965 அக்டோபரில் கத்தோலிக்க ஆயர்களின் பேரவையான இரண்டாம் வத்திக்கான் சங்கம் 2221 வாக்குகளுக்கு 88 என்ற கணக்கில் ஏற்றது. அப்போது இசாக் உயிரோடு இல்லை.

கேள்வி: போரிட்ட நாடுகள் சேர்ந்து பாடநூல் எழுதியதுண்டா?
– கல்லூரி மாணவர், பெரம்பூர், சென்னை.

பதில்: உண்டு. ஜெர்மானிய வரலாற்றாசிரியர் கேயோர்க் எக்கெர்ட் 1951இல் பிரவுன்ஷ்வைக் நகரில் பாடநூல் ஆய்வுக்கென நிறுவனம் தொடங்கி, முன்னாள் எதிரி நாடுகளின் அறிஞர்களோடு சர்ச்சைக்குரிய பகுதிகளை ஒவ்வொன்றாக விவாதித்தார். பிரான்சும் ஜெர்மனியும் ஒரே உள்ளடக்கத்தோடு இரு மொழிகளில் அமைத்த வரலாற்றுப் பாடநூலின் முதல் தொகுதி 2006இல் வெளிவந்தது. எல்லாம் சுமுகமாக நடந்துவிடவில்லை: 1972இல் அமைந்த ஜெர்மனி–போலந்துக் குழு 1976இல் அளித்த பரிந்துரைகளுக்கு மேற்கு ஜெர்மனியிலேயே கடும் எதிர்ப்பு எழுந்தது. அந்தக் குழு இன்றும் இயங்கி வருகிறது.