அமெரிக்கப் புல்வெளியில் ரயில் பாதையோரம் இத்தனை குட்டி ஊர்கள் எப்படி வந்தன? இப்போது ஏன் காலியாகின்றன?

இந்த ஊர்களில் பெரும்பாலானவற்றுக்கு இடம் குறித்தது ரயில்வே கம்பெனிதான். ஆற்றங்கரை, சந்தை, கோயில் என்று எதையும் சுற்றி அவை வளரவில்லை. உங்கள் இரண்டாவது கேள்விக்கும் பாதி விடை இதிலேயே இருக்கிறது.

நான் நெப்ராஸ்கா மாநிலத்தின் தலைநகரான லிங்கனில் வசிக்கிறேன். இங்கிருந்து மேற்கே 1871, 1872ஆம் ஆண்டுகளில் பர்லிங்டன் ரயில்வே கம்பெனி போட்ட பாதையில் வரும் ஊர்களைப் பாருங்கள்: கிரீட், டார்செஸ்டர், எக்ஸிட்டர், ஃபேர்மாண்ட், கிராஃப்டன், ஹார்வர்டு, இன்லேண்ட், ஜூனியாட்டா, கெனசா, லோவல். ஆங்கில அகரவரிசையில் சி முதல் எல் வரை ஓர் எழுத்துகூட விடுபடவில்லை. நடுவில் வரும் சட்டன் இந்த வரிசையில் சேராது. ரயிலுக்கு முன்பே அங்கே ஆட்கள் குடியேறியிருந்தார்கள்.

ஊருக்கும் ஊருக்கும் இடையே பல இடங்களில் ஏழெட்டு மைல்தான். நீராவி எஞ்சினுக்கு அடிக்கடி தண்ணீர் பிடிக்க வேண்டும். அதைவிட முக்கியம், குதிரை வண்டியில் தானியம் ஏற்றிவரும் விவசாயி ஸ்டேஷனில் இறக்கிவிட்டு அன்றே வீடு திரும்ப வேண்டும். அந்த ஒரு நாள் பயணம்தான் ஊர்களின் இடைவெளியை முடிவு செய்தது. பாதை போடுவதற்காக அரசு இந்தக் கம்பெனிக்கு நெப்ராஸ்காவில் சுமார் 24 லட்சம் ஏக்கர் நிலம் கொடுத்தது. அதை விற்றால் குடியேறிகள் வருவார்கள், அவர்கள் விளைவிப்பதை ரயிலே ஏற்றிச் செல்லும். ரஷ்யாவில் வாழ்ந்த ஜெர்மானியர்கள் 1873இல் சட்டனுக்கு வந்தது இப்படித்தான். ஆனால் அது யாருக்கும் சொந்தமில்லாத வெற்று நிலமாக இருந்ததில்லை. பிளாட் ஆற்றுக்குத் தெற்கே இருந்த தங்கள் நிலத்தைப் பானி பழங்குடி மக்கள் 1833 ஒப்பந்தத்தில் கைவிட நேர்ந்தது. இந்த ஊர்களின் கதையைச் சொல்கிறவர்கள் இதை விட்டுவிடுவது எனக்கு ஏற்புடையதல்ல.

இனி, காலியாவதற்கு வருவோம். லாரியும் நல்ல சாலையும் வந்த பிறகு ஏழு மைலுக்கு ஒரு ஸ்டேஷன் தேவைப்படவில்லை. ஒரு குடும்பத்துக்கு 160 ஏக்கர் என்று 1862 குடியேற்றச் சட்டம் பிரித்துக் கொடுத்த நாட்டில், இன்று நெப்ராஸ்காவின் சராசரிப் பண்ணை சுமார் ஆயிரம் ஏக்கர். பண்ணை பெருத்தால் குடும்பங்கள் குறையும்; பிறகு பள்ளிக்கூடம், தபால் நிலையம், மளிகைக் கடை என ஒவ்வொன்றாக மூடப்படும். இன்றைய தானிய ரயில் நூறு பெட்டிகளுக்கு மேல் ஓரிடத்திலேயே நிரப்பிக்கொண்டு கிளம்புகிறது. பத்துப் பெட்டி மட்டும் நிரப்பக்கூடிய பழைய தானியக் கிடங்குக்காக அது நிற்பதில்லை. ரயில்வே மீதான அரசுக் கட்டுப்பாடுகளைத் தளர்த்த 1980இல் வந்த ஸ்டாகர்ஸ் சட்டம் நட்டத்தில் ஓடும் கிளைப் பாதைகளைக் கைவிடுவதையும் எளிதாக்கியது.

பிரதான பாதையில் இருக்கும் ஊர்களாவது தாக்குப்பிடிக்கின்றன. கிளைப் பாதை ஊர்களின் கதி இன்னும் மோசம். வடக்கு எல்லையருகே உள்ள மொனோவைக்கு 1902இல் ரயில் வந்தது, 1971இல் கடைசி ரயில் போனது. 1930களில் சுமார் 150 பேர் இருந்த அந்த ஊரில் 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது ஒரே ஒருவர்தான் இருந்தார். அந்த மூதாட்டியே மேயர். தன் மதுக்கடைக்கு உரிமம் வழங்கியதும் அவரே. மறைந்த கணவர் சேர்த்த சுமார் 5,000 புத்தகங்களை ஒரு சிறு கட்டடத்தில் நூலகமாக வைத்தார். இத்தகைய ஊர்களைப் 'பேய் ஊர்' என்று எழுதுகிறவர்கள் மீது எனக்குக் கோபம் வரும். கம்பெனி கைகழுவிய பிறகும் ஊரை ஊராக வைத்திருக்க ஒருவர் எவ்வளவு பாடுபட்டிருக்கிறார்!

நேரில் பார்க்க விரும்பினால் ரயிலை நம்ப வேண்டாம். அமெரிக்காவின் பயணிகள் ரயில் நிறுவனமான ஆம்ட்ராக்கின் கலிஃபோர்னியா செஃபிர் ரயில் இந்த அகரவரிசைப் பாதையில்தான் ஓடுகிறது, ஆனால் நள்ளிரவில். லிங்கனை விட்டால் ஹேஸ்டிங்ஸில்தான் நிற்கும். காரில் 6ஆம் எண் நெடுஞ்சாலையைப் பிடியுங்கள். சோள அறுவடை நடக்கும் அக்டோபரில் போனால் கிடங்குகள் வேலை செய்வதையும் பார்க்கலாம்.