ஒழுகும் வாட்டர் பம்ப்: எதை வாங்கி மாட்டுவது?

கேள்வி: என்னிடம் இருப்பது 2014 மாடல் ஸ்விஃப்ட் டீசல். 1,35,000 கி.மீ. ஓடியிருக்கிறது. கொஞ்ச நாளாகக் கூலன்ட் குறைந்துகொண்டே வருகிறது. வாரம் ஒருமுறை தண்ணீர் ஊற்றிச் சமாளிக்கிறேன். வாட்டர் பம்ப் போய்விட்டது, மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். கடையில் கம்பெனி பார்ட், வேறு பிராண்ட், லோக்கல் என்று மூன்று விலை சொல்கிறார்கள். லோக்கல் பம்ப்பின் விலை கம்பெனி பார்ட்டில் பாதிகூட இல்லை. பார்க்க மூன்றும் ஒன்று போலத்தான் இருக்கின்றன. எதை வாங்கலாம்?

பதில்: காசை எடுப்பதற்கு முன், ஒழுகுவது பம்ப்தானா என்று கண்ணால் பார்த்துவிடுங்கள். ஹோஸ் கிளிப், தெர்மோஸ்டாட் ஹவுசிங், ரேடியேட்டர் ஓரம் என்று கூலன்ட் கசிய வேறு இடங்களும் உண்டு. பம்ப்பின் உடம்பில், கூலன்ட்டைத் தடுக்கும் சீலுக்கும் அச்சைத் தாங்கும் பேரிங்குக்கும் நடுவே வேண்டுமென்றே ஒரு சிறு ஓட்டை வைத்திருப்பார்கள். சீல் தேய்ந்தால் கூலன்ட் பேரிங்குக்குள் போகாமல் அந்த வழியாக வெளியே வந்துவிடும். அந்த ஓட்டைக்குக் கீழே கூலன்ட் நிறத்தில் காய்ந்த உப்புப் படிவமோ ஈரக்கோடோ இருந்தால் சந்தேகமே இல்லை, சீல் போய்விட்டது. பெல்ட்டைக் கழற்றிவிட்டு, அது ஓடும் சக்கரமான புல்லியைப் பிடித்து ஆட்டச் சொல்லுங்கள். ஆட்டம் இருந்தால் பேரிங்கும் முடிந்துவிட்டது.

இனி உங்கள் கேள்வி. மூன்று பம்ப்பும் பார்க்க ஒன்று போலத்தான் இருக்கும். காரணம், விலையை ஏற்றி இறக்கும் பொருள் வெளியே தெரியாது. சீலுக்குள் கண்ணாடி போல மழமழவென்று தேய்த்த இரண்டு வளையங்கள் இருக்கின்றன. ஒன்று பெரும்பாலும் கார்பன், இன்னொன்று செராமிக் அல்லது சிலிக்கான் கார்பைடு. எஞ்சின் ஓடும்வரை இவை ஒன்றின்மேல் ஒன்று உரசிச் சுற்றிக்கொண்டே இருக்கும். இரண்டுக்கும் நடுவே இருக்கிற மெல்லிய கூலன்ட் படலம்தான் அவற்றுக்கு எண்ணெய். வளையத்தின் தரம், ஸ்பிரிங்கின் அழுத்தம், ரப்பரின் தரம், பேரிங் கிரீஸ் எல்லாமே மூடிய பகுதிக்குள் இருப்பவை. லோக்கல் பம்ப்பில் காசு மிச்சம் பிடிப்பதும் அங்கேதான். அது ஓடாது என்று சொல்லவில்லை. ஓடும், எத்தனை நாளைக்கு என்று விற்பவராலும் சொல்ல முடியாது. ஒழுக ஆரம்பித்தால் பம்ப், கூலன்ட், வேலைக்கூலி மூன்றுக்கும் மறுபடி பணம் கொடுக்க வேண்டும். கவனிக்காமல் எஞ்சின் ஹீட்டாகி எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டுக்கு அடியில் இருக்கும் கேஸ்கெட் போனால், முதலில் மிச்சம் பிடித்ததைப் போலப் பல மடங்கு செலவாகும். ஆகவே லோக்கலை விட்டுவிடுங்கள்.

மீதி இரண்டில் கம்பெனி பார்ட்தான் சிறந்தது என்ற கட்டாயம் இல்லை. கார் கம்பெனிகள் பொதுவாக இந்த பம்ப்பைத் தாங்களே செய்வதில்லை, பம்ப் செய்பவர்களிடம் வாங்குகின்றன. எய்சின், ஜி.எம்.பி., வேலியோ போன்றவர்கள் கார் கம்பெனிகளுக்கும் பாகங்கள் கொடுக்கிறார்கள், சொந்தப் பெட்டியில் போட்டும் விற்கிறார்கள். அப்படிப்பட்ட பெயர் உங்கள் வண்டிக்குக் கிடைத்தால், விலை குறைவாக இருந்தால், தாராளமாக வாங்கலாம். பெயரே கேள்விப்படாத பிராண்ட் என்றால் கூடுதல் காசு கொடுத்துக் கம்பெனி பார்ட் வாங்கிவிடுங்கள். சென்னை புதுப்பேட்டையில் பழைய வண்டிகளில் கழற்றிய பம்ப் கிடைக்குமே என்று சிலர் யோசிப்பார்கள். கதவு, கண்ணாடி, பம்பர் எல்லாம் அங்கே வாங்கலாம். வாட்டர் பம்ப் மட்டும் வேண்டாம். ஏற்கெனவே ஓடித் தேய்ந்த சீல், கழற்றிக் காயப்போட்டபின் மறுபடி ஒழுங்காக அடைக்கும் என்று நம்ப முடியாது.

வாங்கும்போது பழைய பம்ப்பையும் கையோடு கொண்டு போங்கள். உங்கள் வண்டியின் 1,248 சிசி எஞ்சின் பியட்டின் 1.3 மல்டிஜெட். டாடா விஸ்டா, பியட் புன்டோ, லினியா என்று பல வண்டிகளில் இதே எஞ்சின் குடும்பம் இருக்கிறது. அதனால் “எல்லாத்துக்கும் இதுதான் சார்” என்று கடைக்காரர் எடுத்து நீட்ட வாய்ப்பு உண்டு. சேசிஸ் நம்பர் சொல்லிப் பார்ட் நம்பரைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். பிறகு இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். போல்ட் ஓட்டைகள், புல்லி உட்காரும் உயரம், உள்ளே கூலன்ட்டைத் தள்ளும் விசிறியான இம்பெல்லரின் விட்டம், அதன் இதழ்கள் எந்தப் பக்கம் வளைந்திருக்கின்றன என்பதெல்லாம் ஒத்துப்போக வேண்டும். புல்லி உயரம் ஒரு மில்லிமீட்டர் மாறினாலும் பெல்ட் கோணலாக ஓடும். கத்தும், ஓரம் பிய்யும்.

பிளாஸ்டிக் இம்பெல்லர் என்றால் டூப்ளிகேட் என்று நினைப்பவர்கள் நிறைய. ஃபோக்ஸ்வேகன் வண்டிகளின் பழைய பிளாஸ்டிக் இம்பெல்லர்கள் வெடித்ததும், ஷாஃப்ட்டை விட்டு நழுவியதும் உண்மைதான். ஆனால் இன்று நல்ல கம்பெனிகள் கண்ணாடி இழை கலந்த உறுதியான பிளாஸ்டிக்கில் செய்கின்றன. அது துருப்பிடிக்காது. வெறும் தண்ணீர் ஊற்றி ஓட்டிய வண்டிகளில் தகட்டு இம்பெல்லர் துருவில் கரைந்து இதழே இல்லாமல் போவதும் உண்டு. அந்த மாதிரி வண்டியில் ஒரு சொட்டும் ஒழுகாது, எஞ்சின் மட்டும் ஹீட்டாகும். எனவே இம்பெல்லர் எதில் செய்தது என்பதைவிட, அச்சில் ஆடாமல் நேராகச் சுற்றுகிறதா என்று பாருங்கள்.

கையால் மெதுவாக இரண்டு சுற்றுச் சுற்றுங்கள். லேசான இறுக்கம் இருக்க வேண்டும்; அது சீல் அழுத்திப் பிடிப்பதன் அடையாளம். மணல் சிக்கியது போல கரகரத்தாலோ, புல்லியில் ஆட்டம் இருந்தாலோ திருப்பிக் கொடுத்துவிடுங்கள். உலர்ந்த சீலை வேகமாகச் சுழற்றி விளையாட வேண்டாம். கேஸ்கெட் உட்காரும் முகத்தில் நகத்தை ஓட்டிப் பாருங்கள், குழியோ பிசிறோ தட்டக் கூடாது. பெட்டியில் தயாரிப்பாளர் பெயர், முகவரி, மாதம், ஆண்டு, எம்.ஆர்.பி. எல்லாம் அச்சிட்டிருக்க வேண்டும், இது சட்டம். ஜி.எஸ்.டி. பில் கேளுங்கள். பில் தர மறுத்தால் கடையை மாற்றுங்கள்.

உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்தியது பம்ப் இல்லை, “தண்ணீர் ஊற்றிச் சமாளிக்கிறேன்” என்ற வரி. என்ன தண்ணீர்? போர் தண்ணீர் என்றால், புது பம்ப்பின் ஆயுளைக் குறைக்கப்போவதும் அதுதான். நம் ஊர்களில் பல இடங்களில் நிலத்தடி நீர் கடினமானது. சூடாகும்போது அதிலுள்ள கால்சியம் பாறைபோலப் படியும். அந்தத் துகள்கள் சீல் முகங்களுக்கு நடுவே போனால் அரைத்துவிடும். போதாததற்கு, நீங்கள் ஊற்ற ஊற்றக் கூலன்ட்டில் இருந்த துரு தடுக்கும் மருந்தும் நீர்த்துப்போயிருக்கும். இங்கே பனி உறைவதில்லையே, கூலன்ட் எதற்கு என்று கேட்பவர்களுக்கும் இதையே சொல்வேன்: நமக்குக் கூலன்ட் தேவைப்படுவது துருவுக்கும் கொதிநிலைக்கும்தான்.

ஆகவே புது பம்ப் மாட்டும் அன்றே பழைய தண்ணீர் முழுவதையும் இறக்கி, தெளிவாக வரும்வரை அலசச் சொல்லுங்கள். பிறகு வண்டியின் கையேட்டில் சொன்ன வகைக் கூலன்ட் ஊற்றுங்கள். கலந்தே விற்பது கிடைத்தால் நல்லது. இல்லையென்றால் அடர்கூலன்ட்டும் கனிமம் நீக்கிய தண்ணீரும் பாதிக்குப் பாதி. பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீர் போதும். நிறத்தை வைத்து வகையை முடிவு செய்யாதீர்கள். ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு நிறம் போடுகிறது. ஒழுகலை அடைக்கும் பொடி எதுவும் வேண்டாம், அது ரேடியேட்டர் குழாய்களையும் சேர்த்து அடைக்கும்.

கூலன்ட்டை அழுத்தத்தில் வைத்திருக்கும் மூடியையும் ஒரு பார்வை பாருங்கள். அது ஒரு பார் அழுத்தம் தாங்கினால், உள்ளே வெறும் தண்ணீரே 120 டிகிரி வரை கொதிக்காது. மூடியின் ரப்பர் செத்துப்போயிருந்தால் அழுத்தம் நிற்காது, இம்பெல்லருக்குப் பக்கத்தில் ஆவிக்குமிழிகள் உண்டாகி உடையும். அந்த அடியில் உலோகமே குழிகுழியாகும். மூடி மலிவான பொருள், மாற்றிவிடலாம்.

பொருத்தும்போது முடிந்தால் பக்கத்தில் நில்லுங்கள். பழைய கேஸ்கெட் துணுக்குகளைச் சுரண்டிச் சுத்தம் செய்ய வேண்டும். கேஸ்கெட்டுக்குப் பதில் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் வந்தால் அதோடு பேஸ்ட் தேவையில்லை. பாதுகாப்புக்கு என்று அனபாண்ட் பேஸ்ட்டை அள்ளி அப்புவது நம் ஊர்ப் பழக்கம். பிதுங்கியது உள்ளே உடைந்து ரேடியேட்டரில் போய் அடைக்கும். அலுமினியம் என்பதால் போல்ட்களை, இறுக்கத்தை அளந்து முடுக்கும் டார்க் ரெஞ்ச்சில் சமமாக முடுக்கச் சொல்லுங்கள். பெல்ட்டும் அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரும் பழையதாக இருந்தால் அப்போதே மாற்றிவிடுங்கள். கூலன்ட் நிரப்பிக் காற்றை வெளியேற்றிய பிறகுதான் எஞ்சினைப் போட வேண்டும். சும்மா ஒரு நிமிடம் ஓட்டிப் பார்க்கிறேன் என்றால் விடாதீர்கள், புது சீல் உலர்ந்து ஓடினால் அங்கேயே கெட்டுவிடும்.

உங்கள் வண்டியில் வால்வுகளை நேரத்துக்கு இயக்க டைமிங் செயின் இருப்பதால் ஒரு பெரிய ஆபத்து இல்லை. பம்ப்பை ஓட்டுவது வெளிப் பெல்ட்தான். இதைப் படிக்கும் டஸ்டர் 1.5 டீசல்காரர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை: உங்களுக்கு டைமிங் பெல்ட்டே பம்ப்பையும் சுற்றுகிறது. பம்ப் இறுகினால் பெல்ட் பல் தாவி வால்வுகள் வளையும். டைமிங் பெல்ட் மாற்றும்போதெல்லாம் பம்ப்பையும் சேர்த்தே மாற்றுங்கள்.

பார்ட் வரும்வரை வண்டியை எடுக்காமல் இருப்பதே நல்லது. எடுத்தே ஆக வேண்டும் என்றால் பக்கத்தில் மட்டும், தினமும் காலையில் எஞ்சின் ஆறியிருக்கும்போது அளவு பார்த்துவிட்டு எடுங்கள். டெம்பரேச்சர் முள்ளை மட்டும் நம்பாதீர்கள். சென்சாரைச் சுற்றிக் கூலன்ட் இல்லாவிட்டால் எஞ்சின் கொதிக்கும்போதும் முள் கீழேயே நிற்கலாம். வழியில் முள் ஏறினாலோ எச்சரிக்கை விளக்கு எரிந்தாலோ ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்துங்கள். மூடியைத் திறக்காதீர்கள், கொதிக்கும் எஞ்சினில் பச்சைத் தண்ணீர் ஊற்றாதீர்கள், ஹெட் வளைந்துவிடும். அங்கிருந்து வண்டியைக் கட்டி இழுத்தோ ஏற்றியோ கொண்டு போங்கள்.